பிரகாசம் பேசியதெல்லாம்

மகள் மெரின் வந்து அப்பாவைச் செக்கப்புக்காகச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போன வாரத்தில்தான் ஸ்டெல்லாமேரி லேப்டாப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். நல்ல மனதோடுதான் உட்கார்ந்தாள். அந்த ஒன்றை மட்டும் பிற்பாடு அவளால் யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கே முழுசாக நம்பிக்கை இல்லை.

அவளுடைய வீட்டுக்காரர் பிரகாசம் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வாய் ஓயாத மனுஷர். கம்பத்தின் மேல் ஆள் ஏறி வேலை பார்த்து இறங்குவதற்குள் கீழே நின்று அந்தத் தெருவில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று எல்லாவற்றையும் கேட்டு, தன் பங்குக்கு நாலு யோசனையும் சொல்லிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு அடியில் மூச்சு விட ஒரு துவாரம் வைத்து, அதன்மேல் தொங்கவிட ஒரு வெள்ளைத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றையும் வாங்கிப் பார்த்தார்கள். அதை வைத்து அவர் முதல்முதலாக "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டபோது மிக்ஸிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் அதைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

அப்புறம் சிலேட்டும் பலப்பமும். மெரின் புது லேப்டாப் வாங்கியதும் பழையதை அப்பாவுக்குக் கொடுத்தாள். பேட்டரி செத்துப்போனது, பிளக்கில் மாட்டினால்தான் உயிர் வரும். சாப்பாட்டு மேஜையில் ஓரமாக அதை வைத்துக்கொண்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகினார். முதலில் ஒற்றை விரல், பிறகு இரண்டு, பிறகு கேட்கவே வேண்டாம். நோட்பேடைத் திறப்பார், சொல்ல வேண்டியதை அடிப்பார், எதிரில் இருப்பவர் பக்கம் திருப்புவார். அவர்கள் படித்து முடித்ததும் சேமித்துவிடுவார். கையில் எந்த எழுத்து தட்டுப்படுகிறதோ அதுதான் பெயர். எதற்கு இதையெல்லாம் சேமிக்கிறார் என்று ஸ்டெல்லாமேரி ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. திரையில் மெரினின் கல்யாணப் போட்டோவை வைத்திருந்தார்கள். அதன்மேல் சின்னச் சின்ன நோட்டுப் படங்களாக அடுக்கி அடுக்கி, மாப்பிள்ளையின் தலையும் பாதிரியாரின் தலையும் காணாமல் போய், கடைசியில் மெரினின் பூச்செண்டு மட்டும் மூலையில் கொஞ்சம் தெரிந்தது. லேப்டாப் எழுந்திருப்பதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். ஸ்டெல்லாமேரி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் சூப்பரிண்டண்டாக இருப்பவள். அவளுடைய அலமாரியில் எந்த வருஷத்து எந்தப் பிள்ளையின் காகிதத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். அவளுக்கு அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் பிப்ரவரியில் அந்த வாய்ப்பு வந்தது. அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டு மெரினோடு பஸ் ஏறினார். இவள் வார இதழில் வந்திருந்த 'உங்கள் கணினியைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்ற பக்கத்தைக் கிழித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு நாள் அந்த வேலை அவளுக்கு இனிப்பாகவே இருந்தது. 'மருந்து', 'பேங்க்', 'வீட்டு ரிப்பேர்', 'மெரின்' என்று ஃபோல்டர் போட்டாள். ஒவ்வொன்றையும் திறந்து படித்து அந்தந்த இடத்தில் வைத்தாள். எல்லாம் ஒரு பக்கத்துப் பேச்சு. 'வேணாம்.' 'உப்பு இல்ல.' 'அந்த ஆள நம்பாத, வயர திருடி விப்பான்.' எதிர்ப்பக்கம் தான் என்ன சொன்னோம் என்பது இவளுக்குத்தான் ஞாபகம் வர வேண்டும். எதிர்வீட்டு அஞ்சலாட்சி இவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தெருவே அதிரக் கத்திப் பேசுவாள். அவளுக்கு இவர் அடித்துக் காட்டியது கிடைத்தது: 'எனக்கு வாய்தான் போச்சு. நீ கத்துற கத்துல இப்ப காதும் போயிடும்.' அதைப் படித்து ஸ்டெல்லாமேரி தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அதைத் தூக்கிப்போட மனம் வராமல் 'மற்றவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தாள். இப்படியே நிதானமாகப் போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மறுபடி உட்கார்ந்தபோது ஜோசப் ஆனந்த் வந்துவிட்டார்.

நேரில் அல்ல. நோட்டுகளில்.

ஜோசப் ஆனந்தும் பிரகாசமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தவர்கள். ஜோசப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்து குருசுக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டார். மனைவி இல்லை, மருமகள் கையால் சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் உப்பளத்திலிருக்கும் இவர்கள் வீட்டுக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். வாசலிலேயே "சாவா, பிரகாசம்?" என்று குரல் கொடுப்பார். சௌக்கியமா என்று பிரெஞ்சில் கேட்கிறாராம். புற்று நோயாளி இருக்கிற வீட்டுக்குள் நுழையும்போதே சாவா சாவா என்றால் யாருக்குத்தான் சகிக்கும்? ஸ்டெல்லாமேரி பல்லைக் கடித்துக்கொள்வாள். அவர் சிகரெட் பிடிப்பார். புகை பட்டால் இவருக்குக் கழுத்துத் துவாரத்தில் இருமல் வந்து அரைமணி நேரம் துடிப்பார். இதெல்லாம் காரணம்தான். யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சொல்ல முடியாத காரணம் வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் களைத்து வரும்போது இருவரும் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். பிரகாசம் அடித்துக்கொண்டே இருப்பார். பக்கம் பக்கமாக அடிப்பார். ஜோசப் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துத் தொடையைத் தட்டிச் சிரிப்பார். பிரகாசத்தின் தோளும் சத்தமில்லாமல் குலுங்கும். அவள் கிட்டே போனால் ஜோசப் திரையைக் கொஞ்சம் சாய்ப்பார், ஆம்பளைகள் பேச்சு. ராத்திரி அவளுக்கு அடித்துக் காட்டுவது 'மாத்திர குடு', 'லைட்ட அணை'. சளி துடைப்பதும் கழுத்துத் துணியை வெந்நீரில் அலசுவதும் அவள். பேச்சு மட்டும் ஜோசப்புக்கு.

ஒருநாள் அவள் கேட்டிலேயே நின்று ஜோசப்பை மறித்தாள். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அவருக்கு இப்பல்லாம் யாரையும் பாக்கப் புடிக்கல. அடிச்சி அடிச்சி கை வலிக்குதாம். நீங்க கொஞ்ச நாளு வரவேணாம்னு அவருதான் சொல்லச் சொன்னாரு" என்றாள்.

ஜோசப் கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். "அவனே சொன்னானா?" என்றார்.

"ஆமாண்ணே."

"சரிம்மா" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். ஒன்றரை வருஷமாக வரவில்லை.

இப்போது திரையில் அது வரிசையாக வந்தது. 'ஜோசப் ஏன் வரல?' 'ஜோசப் வீட்டுக்கு போன் போடு.' 'இன்னைக்கும் வரலியா?' 'அவனுக்கு ஒடம்பு ஏதாவது சரியில்லியா, விசாரி.' ஒவ்வொன்றுக்கும் தான் சொன்ன பதில் அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. வேலையாக இருப்பார். அடித்தேன், எடுக்கவில்லை. வெளியூர் எங்கேயாவது போயிருப்பார். ஒருநாள் 'நீ போட்டு குடு, அவன் குரல கேட்டாப் போதும்' என்று அடித்துவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அவருக்கு முன்னாலேயே டயல் செய்தாள். கடைசி எண்ணை மட்டும் மாற்றி அமுக்கினாள். யாருடைய வீட்டிலோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. கழுத்துத் துணியோடு ஊரைக் கடந்து போக அவருக்குக் கூச்சம். கூப்பிடாத வீட்டுக்குப் போவதில்லை என்ற ரோஷம் வேறு. கடைசியாக ஒன்று இருந்தது: 'அவனுக்கும் என்ன பாக்கப் புடிக்கல போல. விடு.'

ஸ்டெல்லாமேரி அதை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

இந்த நோட்டுகளை எந்த ஃபோல்டரில் வைப்பது? இதை மட்டும் தனியாகப் பொறுக்கி அழித்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஏன் இதை மட்டும் என்று கேட்பார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்? 'காபி குடு', 'கதவ சாத்து' என்று ஆயிரம் குப்பை. அதோடு இதுவும் போய்விடும். 'மற்றவை' ஃபோல்டரையும் விட்டுவைக்கவில்லை. அது இருந்தால் ஏன் சிலது இருக்கிறது சிலது இல்லை என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அழித்தாள். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றாள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாள். பிறகு வார இதழில் சொல்லியிருந்தபடி டிஸ்க்கைச் சுத்தம் செய்கிற புரோகிராமையும் ஓடவிட்டாள். திரையில் மெரினும் மாப்பிள்ளையும் பாதிரியாரும் பளிச்சென்று வந்து நின்றார்கள். ஓரத்தில் நாலே நாலு ஃபோல்டர். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

பிரகாசம் புதன்கிழமை வந்தார். ரிப்போர்ட் நல்லபடியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அடிக்கத்தான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மெரினின் முகத்தை விரலால் தொட்டார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். பிறகு அடித்தார்: 'நல்லா இருக்கு. மத்ததெல்லாம் எங்க?'

"வேண்டாததையெல்லாம் எடுத்துட்டேங்க. எல்லாம் காபி குடு, கதவ சாத்துன்னு... அத வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க? மெஷினும் எவ்ளோ ஸ்பீடா வருது பாருங்க."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'நான் பேசினது' என்று அடித்தார். அவள் படிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அழித்தார். சேமிக்கவில்லை.

கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல அடித்துக் காட்டினார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார், அஞ்சலாட்சியைக் கிண்டல் செய்தார். ஆனால் எதையும் சேமிப்பதில்லை. அவள் படித்ததும் பின்னாலிருந்து எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டே வருவார். நாலு நாள் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "ஏங்க, இப்பல்லாம் சேவ் பண்றதில்ல?"

'குப்பை சேரும்' என்று அடித்தார். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. அதையும் அழித்தார்.

அன்றைக்கு ஆபீசில் அவளுக்கு வேலை ஓடவில்லை. காகிதத்தில் முத்திரை குத்தும்போதெல்லாம் 'நான் பேசினது' என்ற அந்த இரண்டு வார்த்தை வந்து நின்றது. வாயிருக்கிறவர்கள் பேசுவது காற்றோடு போகும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, நாளைக்கும் பேசலாம். குரலை வெட்டி எடுத்துவிட்ட மனுஷர், தான் இன்னமும் பேசுகிறேன் என்பதற்கு அத்தாட்சியாக அதைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். ஒரு பொய் வெளியே வராமல் இருக்க, இரண்டு வருஷத்துப் பேச்சைத் துடைத்துப் போட்டாயிற்று.

மறுநாள் லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு, புஸ்ஸி வீதியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தெய்வசிகாமணியிடம் போனாள். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"எடுக்கலாம் மேடம். ஆனா அழிச்சதுக்கப்புறம் வேற ஏதாவது ஓட்டினீங்களா?"

சுத்தம் செய்ததை அவள் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "கெடைக்கறது கெடைக்கும். பேரு இருக்காது, வரிசை இருக்காது. ரெண்டு நாள் கழிச்சி வாங்க."

இரண்டு நாள் கழித்துப் போனபோது அவர் தலையைச் சொறிந்தார். "மூணுல ஒரு பங்கு தேறுச்சு மேடம். ஏதோ முக்கியமான டாக்குமெண்ட்டுன்னு நெனச்சேன். தெறந்து பாத்தா 'தண்ணி வேணும்', 'ஃபேன கம்மி பண்ணு'ன்னு இருக்குது. இதுதானா?"

"இதுதாங்க. எங்க வீட்டுக்காரரு பேச்சு."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார். "ஜோசப்னு ஒருத்தரப் பத்தி நெறைய வருது. அந்த எடம் மட்டும் சேதமில்லாம இருக்குது. எல்லாத்தையும் சிடியில போட்டுடவா, இல்ல பாத்து வேண்டியத எடுத்துக்கறீங்களா?"

அஞ்சலாட்சியைப் பற்றியது இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். இல்லை. தன்னைச் சிரிக்க வைத்த ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் ஒழிக்க நினைத்தது மட்டும் ஒன்று குறையாமல் வந்திருந்தது. "எல்லாத்தையும் போடுங்க" என்றாள். மனம் மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் சத்தமாகவே சொன்னாள்.

சொன்னாளே தவிர, அந்த சிடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் பள்ளிக்கூடம் போய் வந்தாள். மூன்றாம் நாள் காலையில்தான் அவர்முன் வைத்தாள். "கொஞ்சம் கெடச்சிது. பாருங்க."

பிரகாசத்தின் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். தானே பேசியதைத் தானே கேட்பது போலத் தலையைச் சாய்த்துப் படித்தார். ஜோசப் நோட்டுகள் வந்தன. அவர் அவற்றையும் படித்தார். பிறகு புது நோட்டுத் திறந்து அடித்தார்: 'பாவம் அவன். என்ன கஷ்டமோ. இல்லாட்டி வராம இருக்க மாட்டான்.'

அவருக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் அவளை உடைத்தது.

"அவரா வராம இருக்கலீங்க" என்றாள். "நான்தான் வரவேணாம்னு சொன்னேன். நீங்க சொன்னதா சொன்னேன். போனையும் தப்பா போட்டேன்."

பிரகாசம் அவளையே பார்த்தார். பிறகு விசைகளின்மேல் இரண்டு கையும் விழுந்தன. அடித்தார், அடித்தார், கழுத்துத் துணி மூச்சில் படபடவென்று அடித்துக்கொண்டது. திரையில் வந்தது ஒன்றும் வார்த்தையாக இல்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவளால் ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வயரைப் பிடுங்கி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஆட்டோவில் அவர் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில். போகும் இடத்தை டிரைவரிடம் அவள்தான் சொன்னாள்.

குருசுக்குப்பத்தில் ஜோசப் வீட்டு மருமகள் கதவைத் திறந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டாள். ஜோசப் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பிரகாசம் நேராகப் போய் அவர் எதிரில் நின்றுகொண்டு, ஆட்டோவில் வந்த கோபமெல்லாம் போய், முகம் நிறையச் சிரித்தார்.

ஜோசப் தலையைத் தூக்கினார். பார்வை பிரகாசத்தின் தோளைத் தாண்டி எங்கோ போயிற்று. "யாரும்மா வந்திருக்கறது?" என்றார்.

பிரகாசம் அதே சிரிப்போடு நின்றார். அவரால் பதில் சொல்ல முடியாது.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"மாமா, உப்பளத்து பிரகாசம் மாமா" என்றாள் மருமகள். பிறகு ஸ்டெல்லாமேரியிடம் தாழ்ந்த குரலில், "சக்கரை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடிதான் ரெண்டு கண்ணும் சுத்தமா போச்சு. அதுக்கு முன்னாடி ஓரளவு தெரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள்.

பிரகாசம் குனிந்து ஜோசப்பின் கையைப் பிடித்தார். ஜோசப் கையை இழுத்துக்கொள்ளவில்லை; பிடிக்கவும் இல்லை. "எதுக்குடா வந்த?" என்றார். "ஒனக்குத்தான் என்ன பாக்கப் புடிக்கலியே. கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டு துக்கம் விசாரிக்க வந்தியா?"

பிரகாசம் சுற்றுமுற்றும் பிளக்கைத் தேடினார். லேப்டாப்பை ஸ்டூலின்மேல் வைத்து மாட்டி, அது எழுந்திருக்கும்வரை நிலைகொள்ளாமல் நின்றார். எழுந்ததும் பரபரவென்று அடித்து, பழைய பழக்கத்தில் திரையை ஜோசப் பக்கம் திருப்பினார். திருப்பின பிறகுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாக அதை ஸ்டெல்லாமேரி பக்கம் திருப்பினார்.

அவள் படித்தாள். "நான் சொல்லல."

"என்னா?" என்றார் ஜோசப்.

"அவரு அடிச்சத நான் படிக்கறேண்ணே. 'நான் சொல்லல. ஒன்ன வரவேணாம்னு நான் சொல்லவே இல்லடா'ன்னு இருக்குது."

"அவன் சொல்லலன்னா வேற யாரு சொன்னது?"

விசைகள் தடதடத்தன. திரை அவள் பக்கம் திரும்பியது. படிப்பதற்கு முன் அவள் பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. "ஸ்டெல்லா சொன்னா" என்று படித்தாள். கண் அடுத்த வரிக்குப் போனது. திரையைக் கிட்டே இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். "ஸ்டெல்லா சொன்னா. ஒங்கிட்டயும் பொய் சொன்னா, எங்கிட்டயும் பொய் சொன்னா. நீ என்ன மறந்துட்டன்னு நான் நெனச்சிட்டேன்."

மருமகள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். வெளியே கடற்கரையில் படகுப் பக்கம் யாரோ யாரையோ கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றார் ஜோசப், குரல் வந்த திசையைப் பார்த்து. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"தெரியலண்ணே." அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அன்றைக்கு இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்குத் திராணியில்லை. "உங்ககிட்ட பக்கம் பக்கமா பேசுவாரு. எங்கிட்ட மாத்திர குடும்பாரு, லைட்ட அணைம்பாரு. எனக்குத் தாங்கல. நானும் மனுஷிதானேன்னு இருந்துச்சு. நீங்க வரலன்னா எங்கிட்ட பேசுவாருன்னு நெனச்சேன்."

"பேசினானா?"

"இல்லண்ணே."

பிரகாசம் அவளைப் பார்த்தார். இதை அவர் இதுவரை கேட்டதில்லை. விசையின்மேல் விரலை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

ஜோசப் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். பிரகாசம் முகத்தை அந்தக் கைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஜோசப் நெற்றி, மூக்கு, கன்னம் என்று தடவிக்கொண்டே போய், கழுத்துத் துணியைத் தொட்டதும் நிறுத்தினார். "அப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சும்மா" என்றார் ஸ்டெல்லாமேரியிடம். "ஒரு வருஷத்துக்கு மேல நல்லாவே தெரிஞ்சிது. அப்ப இவன் மூஞ்சிய நாலு தரம் பாத்துட்டிருப்பேன். இவன் அடிக்கறத எல்லாம் நானே படிச்சிருப்பேன். அத நீ திருப்பித் தர முடியுமா?"

அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த இடத்தில் மிகவும் சின்னதாக இருந்தது. அழுதாள். அவளை யாரும் சமாதானம் செய்யவில்லை. அழுது முடித்ததும் பிரகாசம் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "இன்னைக்கு என்னா சாப்ட்ட? சக்கரைய எவ்ளோல வச்சிருக்க? சிகரெட்ட விட்டியா இல்லியா?"

"விட்டேன்டா, விட்டேன்" என்றார் ஜோசப்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர்கள் குருசுக்குப்பம் போனார்கள். ஸ்டெல்லாமேரி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். பிரகாசம் அடிக்க, அவள் படிக்க, ஜோசப் பதில் சொல்ல, நேரம் போவது தெரியாது. ஆம்பளைகள் பேச்சு என்று எதைச் சாய்த்து மறைத்தார்களோ அதையும் அவள்தான் இப்போது வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது. சிலதைப் படிக்கும்போது காது சிவந்துபோகும். தன்னைப் பற்றியே குறை வரும். 'இவ போடற சாம்பாரும் ஒண்ணு, கெவர்மெண்ட்டு ஆஸ்பத்திரி மருந்தும் ஒண்ணு' என்பார். அதையும் படிப்பாள். வீட்டில் பிரகாசம் அவளிடம் பேசுவது கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரை, லைட், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டின்போது, 'நீ தாங்கலன்னு ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?' என்று அடித்தார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவள் கேட்டாள். 'தெரியல' என்று அடித்தார்.

ஜோசப் அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். காபி குடிக்கச் சொல்வார், பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்பும் நேரத்தில், பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லாத்தையும் படிச்சியாம்மா? ஒண்ணும் விடலியே?"

"ஒண்ணும் விடலண்ணே."

அவள் சொன்னதை ஜோசப் நம்பமாட்டார். பிரகாசத்துக்காகக் காத்திருப்பார். பிரகாசம் தலையாட்டினால் ஜோசப்புக்குத் தெரியாது. அதனால் கையை ஒருமுறை அழுத்துவார். அதற்குப் பிறகுதான் ஜோசப், "சரி, போய்ட்டு வாங்க" என்பார். சில வாரம் பிரகாசம் சட்டென்று அழுத்திவிடுவார். சில வாரம் அவளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தாமதிப்பார். அந்தக் கொஞ்ச நேரமும் ஸ்டெல்லாமேரி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருப்பாள்.